ரீட்டா கேட்டதும் நீ செய்ததும்

அன்புள்ள மகனுக்கு,

நாளை மறுநாள் நீ குஜராத்துக்கு ரயிலேறப் போகிறாய். கம்பெனி அங்கே புதிதாகத் திறந்திருக்கும் இரும்பு ஆலைக்கு உன்னை ஃபோர்மேனாக அனுப்புகிறது என்று தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ரீட்டாவும் மூன்று பெண் பிள்ளைகளும் உன்னோடு வருகிறார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் நேரிலேயே பேசலாம்தான். ஆனால் நான் எதையாவது ஆரம்பித்தால் "அப்றம் பேசலாம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன் நைனாவோ டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். எழுத்தில் இருந்தால் உன்னால் நடுவில் எழுந்து போக முடியாது. தெருக்காரர்கள் வீடு வீடாகக் கூடி செபம் செய்யும் அன்பியக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதி எழுதிப் பழகிய கை இது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

நீ ரீட்டாவைக் கடம்பத்தூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தபோது அவளை வாயில்லாப் பூச்சி என்றுதான் நினைத்தேன். சோறு போட்டால் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்கமாட்டாள். உங்கள் இருவரையும் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு அனுப்பினோமே, அங்கே ஒரு அட்டையைக் கொடுத்து எந்த நாள் சேரலாம், எந்த நாள் விலகியிருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் அந்த அட்டையைத் துணி அலமாரிக்குள் ஒட்டிவைத்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஆலை உன்னைப் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று புரட்டிப் போட்டுக்கொண்டிருந்ததில் எது எந்த நாள் என்று யாருக்கு நினைவிருக்கும்? மூத்தவள் பால் மறக்கும் முன் அடுத்தவள் வந்துவிட்டாள். இரண்டுமே வயிற்றைக் கிழித்துத்தான். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், சிஸ்டர்கள் நடத்தும் நம் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிஸ்டர் ஒரு பகல் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் அவள் பக்கத்திலேயே நின்று உயிரைப் பிடித்துவைத்தார். அந்தக் கைக்கு நான் எத்தனை முறை முத்தம் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். "உள்ளே எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டியிருக்கு, இனிமே யோசிச்சுத்தான், மூணுக்கு மேல கூடவே கூடாது" என்று அவர் அப்போதே சொன்னார். யோசிப்பதற்குள் மூன்றாவது உண்டாகிவிட்டது.

மூன்றாவதோடு நிறுத்திவிடுவது என்று நாம் எல்லோரும் பேசி முடித்தோம். வயிற்றைத் திறக்கத்தானே போகிறார்கள், அப்போதே கு.க.வையும் செய்துவிட்டால் இன்னொரு ஆபரேஷன் இல்லை என்பது என் கணக்கு. சிஸ்டர் ஆஸ்பத்திரியில் அதைச் செய்யமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. சிரிக்காதே. எனக்கு நீ ஒருவன்தான். உனக்குப் பின்னால் ஒன்று தா, ஒன்று தா என்று எத்தனையோ வருஷம் மண்டியிட்டுக் கேட்டும் கிடைக்காதவளுக்கு, வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எங்கே போகவேண்டும் என்பது எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளக் கருத்துக் கொடுக்கும்போது, மருமகள் ரீட்டாவின் பிரசவமும் கு.க.வும் நல்லபடி முடிய என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்தேன். கோயிலில் அவற்றை வாசிக்கும் நம் உபதேசியாருக்குச் சுருக்கி வாசித்துப் பழக்கமில்லை. கணீரென்ற குரலில், "ரீட்டா அவர்களின் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் நல்லபடியாக நிறைவேற வேண்டுமென்று…" என்று அவர் விரித்து வாசித்து முடிக்க, கோயில் முழுக்க வழக்கம்போல ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது. என் குரல்தான் எல்லோரையும் விடச் சத்தம். அதற்கப்புறம்தான் ஃபாதர் தலையைத் தூக்கி உபதேசியாரைப் பார்த்தார். நீ குனிந்து செருப்பைத் தேடினாய், கோயிலுக்குள் ஏது செருப்பு? ரீட்டா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் டாக்டர் சிஸ்டர் என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அம்மா, நம்ம ஆஸ்பத்திரியில அதைப் பண்ண மாட்டோம். திருச்சபை சட்டம். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "இன்னா சிஸ்டர் இப்டி சொல்றீங்க, நீங்கதான இனிமே கூடாதுன்னீங்க?" என்றேன். "கூடாதுன்னுதான் இப்பவும் சொல்றேன்" என்றார். கூடாது என்றும் சொல்கிறார், கூடாமல் இருக்க வழி செய்யமாட்டேன் என்றும் சொல்கிறார். இதை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். திருவள்ளூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பதிந்து, அங்கேயே பிரசவமும் கு.க.வும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று கிராம நர்ஸ் வழி சொன்னார். அப்படியே நாளும் குறித்தாயிற்று.

குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி வந்ததும், எளாவூர் பக்கம் ஹைவேயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் மைல் கணக்கில் நின்றதும் ஒரே காலையில் நடந்தன. நீ ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கக்கூட இல்லை. ஆட்டோவில் அவள் பழைய தையல் போட்ட இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இங்க பிச்சிக்கினு போவுது அத்தை" என்றாள். நீ டிரைவரைத் திட்டினாய், டிரைவர் லாரிக்காரனைத் திட்டினான், நான் செபமாலையைத் தேடினேன். தெளிவாக இருந்தது அவள் ஒருத்திதான். "திருவள்ளூரு வேணாங்க. சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கே வுடச் சொல்லுங்க. மொதல்ல இத பொழைக்க வெப்போம்" என்றாள். ஆட்டோ திரும்பியது. அங்கே போனால் எது கிடைக்காது என்று தெரிந்தே அவள் அதைச் சொன்னாள்.

தியேட்டர் கதவு திறந்து டாக்டர் சிஸ்டர் வெளியே வந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "பொண்ணு. நல்லாயிருக்கு. ரீட்டாவும் நல்லாயிருக்கா" என்றார். நாம் சிலுவை போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னார். "கர்ப்பப்பை ரொம்ப மெலிஞ்சுபோச்சுப்பா. உள்ளே விட்ட விரல் வெளியே தெரியுது. இன்னொரு குழந்தைய அது தாங்காது. வலி எடுக்கிறப்பவே கிழிஞ்சிடும், ரெண்டு பேரையும் காப்பாத்த முடியாது." நீ, "அப்ப கட்டிட்டீங்கதான சிஸ்டர்?" என்று கேட்டாய். அவர் தரையைப் பார்த்தபடி, "இல்லப்பா. மூடிட்டேன்" என்றார். உன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து, அடித்துவிடுவாயோ என்று நான் உன் கையைப் பிடித்தேன். கையில் கரி அப்படியே இருந்தது.

உள்ளே நடந்ததை ரீட்டா எனக்குச் சொன்னது வார்டில், நீ பால் வாங்கப் போயிருந்தபோது. "முதுவுல ஊசி போட்டாங்களே அத்தை, வலி தெரில. ஆனா பேசறதெல்லாம் காதுல வுழுந்துச்சு. இன்னா இவ்ளோ மெல்லிசா கீதுன்னு நர்ஸு சிஸ்டர் பயந்துட்டாங்க. நான் கேட்டேன். சிஸ்டர், தொறந்துதான கீது, அப்டியே கட்டிடுங்க, வெளிய எனக்கு ரெண்டு பசங்க கீதுங்கன்னேன். அவங்க பேசல. இன்னொரு வாட்டி கேட்டேன். முடியாதும்மா, என்னால முடியாதுன்னாங்க. அழுதாங்க அத்தை. அழுதுக்கினேதான் தச்சாங்க. நல்லாத்தான் தச்சாங்க." மகனே, இதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். வயிறு திறந்து கிடக்க, கையைக் கட்டிப்போட்டு, முகத்துக்கும் உடம்புக்கும் நடுவே பச்சைத் துணியை மறைப்பாகக் கட்டிவைத்திருக்க, அந்தத் துணிக்கு இந்தப் பக்கமிருந்து தன் உயிருக்காக இரண்டு முறை கேட்டிருக்கிறாள், சோறு போடாவிட்டால் கேட்கமாட்டாள் என்று நான் நினைத்த அந்தப் பெண். பிறந்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டாக்டர் சிஸ்டரின் அறைக்கே போய்க் கேட்டேன். "எங்க ஜனங்க மண்ணு சொமந்து கட்டின ஆஸ்பத்திரி சிஸ்டர் இது. எம்மாமியாரு கல்லு தூக்குனாங்க. தொறந்த வயித்த அப்டியே மூடி அனுப்பறதுக்கா தூக்குனாங்க?" அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "நான் அதைப் பண்ணா இங்க இருக்க முடியாதும்மா. நான் போயிட்டா இங்க வயித்தைத் திறக்கறதுக்கே ஆள் கிடையாது. இன்னிக்கு ரீட்டா வந்தப்ப யாரு இருந்திருப்பா?" என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்காக ரீட்டா கேட்டது பொய்யாகிவிடுமா? இரண்டும் உண்மையாக இருந்தால் ஒரு பெண் நடுவில் கிடந்து சாகவேண்டியதுதானா? ரோமாபுரியில் எழுதிய சட்டத்துக்கு ரீட்டாவின் கர்ப்பப்பை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியாது, தொட்டுப் பார்த்த விரல் இந்த அம்மாளுடையது. இன்றைக்கும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நற்கருணை வாங்குகிறேன், வாங்கும்போதெல்லாம் ஆண்டவரிடம் இதைக் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த கூத்து உனக்கே தெரியும். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "மூணும் பொண்ணா?" என்று இழவு விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். உன் அத்தைக்காரி, அடுத்தது பையன்தான், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள் என்று ரீட்டாவின் காதிலேயே ஓதினாள். அடுத்தது என்றால் பிணம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நாள் போனதும் ரீட்டாவைத் திருவள்ளூருக்குக் கூட்டிப்போய்க் கட்டிவிடலாமா என்று கிராம நர்ஸிடம் கேட்டேன். உள்ளே எல்லாம் ஒட்டியிருக்கிற உடம்பை மறுபடி திறப்பது லேசான விஷயமில்லை, பெரிய டாக்டர்கள் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார். சொல்லிவிட்டுப் போகிறபோக்கில், "ஆம்பளைங்க பண்ணிக்கினா கத்தி கூட வேணாம், ஒரு சின்ன ஓட்டைதான். ஆனா யாரு வர்றாங்க?" என்று சிரித்தார். நீ வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று சாப்பிடும்போது, குழம்பு கேட்பது மாதிரி சாதாரணமாக, "நான் பண்ணிக்கிறேன்" என்றாய். உன் நைனா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "இன்னாடா பேசற? மூணும் பொண்ணா பொறந்துக்கீது, நீ இன்னாடான்னா கடைய இழுத்து மூடறேன்ற. ஃபர்னஸ்ல நிக்கிறவன்டா நீ. ஒடம்புல தெம்பு பூடும். நாளைக்கு ஒரு கம்பி தூக்க முடியுமா?" என்று கத்தினார். நீ சத்தமே போடவில்லை. "நைனா, அவ ரெண்டு வாட்டி கேட்டாளாம். அங்க இருந்த யாரும் குடுக்கல. நான் குடுக்கக்கூடியது இது ஒண்ணுதான் கீது. அவ இல்லாத ஊட்ல பையன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாய். உனக்கும் அவள் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் நைனா எழுந்து போய்க் கை கழுவினார், திரும்பி வந்து மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நீ ஆபரேஷன் முடிந்து வந்த அன்று நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு வந்து ரசம் வைக்கச் சொன்னவர் அவர்தான். உனக்கென்று சொல்லாமல், பிள்ளைகளுக்கு என்று சொல்லி.

பிள்ளை பெற்ற உடம்போடு ரீட்டா வரமுடியாது. கூடப் படித்தவர்கள், வேலை செய்கிறவர்கள் யாரிடமும் நீ சொல்லவில்லை. கடைசியில் துணைக்கு நான்தான். திருவள்ளூருக்குப் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் நாம் இருவரும் பேசவே இல்லை. பெற்ற பிள்ளையோடு என்ன பேசுவது அதைப் பற்றி? ஆஸ்பத்திரியில் வராந்தா முழுக்கப் பெண்கள். பச்சை உடம்போடு, கைக்குழந்தையோடு, மாமியாரோடு, அம்மாவோடு. நடுவே நீ மட்டும் நெடுநெடுவென்று, ஆலைக்குப் போகிற அதே நீலச் சட்டையில். பக்கத்தில் இருந்தவள், "யாருக்கும்மா? மருமவளுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டாள். "எம் புள்ளைக்கு" என்றேன். "ஆம்பளப் புள்ளைக்கா!" என்று அவள் சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. நீ செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாய். ஒருத்தியும் சிரிக்கவில்லை, மகனே. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கோயிலில் தேர் திரும்பும்போது பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்கள் உன்னை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் என் பக்கம் நகர்ந்து வந்து, "எங்க ஊட்டு ஆளு வெளிய பீடி புடிச்சிக்கினு கீறாரு. அவராண்ட வந்து உங்க புள்ளைய ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கம்மா" என்றாள். நீ உள்ளே போன பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. இவனையா நான் ஒரு காலத்தில் சட்டைப் பித்தான் போடத் தெரியாதவன் என்று அடித்தேன் என்று மலைத்துப்போய் அழுதேன்.

தையல் பார்க்க ரீட்டாவை மறுபடி சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நீ காலை அகட்டி அகட்டி நடந்துவந்தாய். டாக்டர் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். "இவருக்கு என்ன?" என்றார். நானும் நீயும் விழித்தோம். ரீட்டாதான் நேராக அவர் முகத்தைப் பார்த்து, "அவரு பண்ணிக்கினாரு சிஸ்டர்" என்றாள். குத்திக்காட்டவில்லை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அறையில் இன்னொரு சின்ன சிஸ்டர் இருந்தார். டாக்டர் சிஸ்டர் அவரைப் பஞ்சு எடுத்துவர அனுப்பினார். கதவு சாத்துகிறவரை காத்திருந்து, உன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், மளமளவென்று சொன்னார். "வெயிட்டு தூக்காதே. உடனே பலன் கிடையாது, சொன்னாங்களா? மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுக்கணும். அதுல சுத்தமா ஒன்னும் இல்லைன்னு வர்ற வரைக்கும் நீங்க பத்திரமா இருக்கணும். என்ன வேணுமோ நர்ஸ்கிட்ட வாங்கிக்கோங்க. புரியுதா? அசால்ட்டா விட்டுடாதே." சின்ன சிஸ்டர் பஞ்சோடு வந்ததும், "தையல் நல்லா ஆறியிருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் வாயிலிருந்து வரக்கூடாத பேச்சு அது. அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

உனக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் நீயே அறிந்தவன். போகிற ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் பதிந்தாலும், என்ன செய்வீர்கள் என்று கேட்காதே, எதைச் செய்யமாட்டீர்கள் என்று முதலில் கேள். சிலுவை போட்டிருந்தாலும் சரி, வேறு எந்தச் சாமி படம் மாட்டியிருந்தாலும் சரி, படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடாதே. பிரசவ வலி வந்த பிறகு அதைத் தெரிந்துகொள்ளக்கூடாது. உன் மூன்று பெண்களும் வளர்ந்து கல்யாணம் கட்டும்போது, மாப்பிள்ளை எத்தனை சவரன் கேட்கிறான் என்று விசாரிப்பதற்கு முன்னால், தங்கள் அப்பா என்ன செய்தார் என்று அவர்களுக்குச் சொல். நீ வெட்கப்படுவாய். ரீட்டா சொல்வாள்.

உன் டெஸ்ட் முடிவு சுத்தமாக வந்ததே, அன்றைக்கு உங்களிடம் மாலைப் பூசை என்று பொய் சொல்லிவிட்டு நான் போனது டாக்டர் சிஸ்டரிடம். அவர் தோட்டத்தில் தனியாக நின்று பைப்பில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "சிஸ்டர், எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துட்சு" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் பைப்பைக் கீழே போட்டார். தண்ணீர் அவர் செருப்பின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "நன்றி ஆண்டவரே, ரீட்டா பிழைச்சுக்கிட்டா" என்று வாய்விட்டுச் சொன்னார். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

இது ரீட்டாவுக்குத் தெரியாது. ரயிலில் பிள்ளைகள் தூங்கிய பிறகு அவளுக்கு இதைப் படித்துக் காட்டு.

உன்
அம்மா